பாட்டு வராத பெட்டி

புக்கிட் ரோத்தான்,
கோலா சிலாங்கூர்.
12.10.1986

அன்பு மகள் பூங்கோதைக்கு,

அம்மா எழுதுவது. கிளாஸ்கோவில் குளிர் தொடங்கியிருக்கும். ஆஸ்பத்திரிக்கு இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். இங்கே ஓயாத மழை. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் ரோட்டைச் சேறாக்கிவிட்டன.

நம் பக்கத்துத் தோட்டங்களில் வயதான பெண்களுக்கு நெஞ்சுத் துடிப்பைப் பார்க்க ஒரு டாக்டரம்மா வருகிறார். கோளாறு இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தானாம். எனக்கும் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, தோல் பையில் ஒரு டேப் பெட்டியை இடுப்பில் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்கக் கழற்றக் கூடாது. பக்கத்து வீட்டுக் காளியம்மா, "டீச்சரம்மா, ரேடியோவ இடுப்புல கட்டியிருக்கீங்க, பாட்டையே காணோமேலா!" என்றாள். அவள் போன பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

டேப் நாடாவைப் பார்த்த டாக்டரம்மா, சாயங்காலம் கொஞ்ச நேரம் ஒன்றுமே பதியவில்லையே என்றார். தோல் பையோடு சாமி மேடை முன் நிற்க மனம் வரவில்லை; ஒயரைக் கழற்றி, பெட்டியை ஆணியில் மாட்டிவிட்டு விளக்கேற்றினேன் என்றேன். தலை சுற்றுவது உண்டா, எப்போது என்று கேட்டார். அந்த நேரத்தில்தான் என்றேன். உன் பெயரைச் சொல்லிக் கும்பிடும்போது சில நாள் கண் இருட்டும். அழுகை என்றே நினைத்திருந்தேன்.

உன் பழைய பள்ளிச் சீருடைத் துணியில் பை தைத்து, மறுபடியும் கட்டிக்கொண்டேன். இம்முறை பதிந்துவிட்டது. துடிப்பு நடுநடுவே நின்று வருகிறதாம். மணியடிக்கிறவர் ஒரு கணம் அயர்ந்தால் வகுப்பில் யாருக்கும் தெரியாது; பாடம் நடந்துகொண்டேயிருக்கும். அதுபோல. கோலாலம்பூரில் தோளுக்குக் கீழே துடிப்பைச் சீராக்கும் பேட்டரி வைக்க வேண்டுமாம், தள்ளிப்போடக் கூடாதாம். நீ தாதி, என்னைவிட உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கூட யார் இருப்பார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். காளியம்மா தானே வருவதாகச் சொன்னாள். நானோ, மகள் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேரைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தவள் நான்!

லீவு கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே. கிடைத்தால் மாப்பிள்ளையையும் அழைத்து வா, உறைப்பில்லாமல் சமைக்கிறேன். மழை விட்டதும் உன் மெத்தையை வெயிலில் போடுகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

விளக்கடியிலிருந்து,
அம்மா அம்சவள்ளி