தானாக எழும் மோட்டார்

6 ஜனவரி 2025, அரியலூர்
பெரம்பலூர்ப் பக்கம் மலர்க்கொடி அக்கா குத்தகைக்கு எடுத்திருக்கும் வயலில் என் லினக்ஸ் பெட்டி வேலையைத் தொடங்கிவிட்டது. மும்முனை மின்சாரம் வந்ததும் பின்னணியில் ஓடும் நிரல் மோட்டாரைப் போடும். அமைப்புக் கோப்பில் இரண்டு உத்தரவுகள்: செத்தால் மறுபடி எழு, கணினி எழும்போது நீயும் எழு. மனிதர்களிடம் எதிர்பார்க்க முடியாத விசுவாசம். அக்காவுக்கு விளக்கினேன். "வெங்காயத்துக்கு இதெல்லாம் புரியுமாடா?" என்றாள்.

29 ஜனவரி
சின்ன வெங்காயம் முற்றி, தாள் சாய்ந்துவிட்டது. இனி தண்ணீர் கூடாது. காய்ந்த வெங்காயத்தைத்தான் பட்டறை போட்டுச் சேமித்து, விலை ஏறும்வரை வைத்திருக்க முடியும். அடுத்த குத்தகையே அந்த விலையை நம்பித்தான். மோட்டார் பீஸைப் பிடுங்கிவிடவா என்று அக்கா கேட்டாள். அதெல்லாம் கற்கால வழி என்று சொல்லி, இங்கே நாற்காலியை விட்டு எழாமல் 'ஸ்டாப்' என்று அடித்தேன். நின்றது. டீ குடித்தேன்.

31 ஜனவரி
அங்கே பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடையாம். நமக்கென்ன.

1 பிப்ரவரி
நேற்று மாலை மின்சாரம் வந்ததும் பெட்டி எழுந்திருக்கிறது. கூடவே நிரலும். 'ஸ்டாப்' என்றால் இப்போதைக்கு நில் என்றுதான் அர்த்தம். இனி தானாக எழாதே என்பதற்கு 'டிஸேபிள்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பவனே நான்தான். அந்த ஒரு வரிய ஏன் அடிக்கல? அடிச்சிருந்தா கொறஞ்சா போயிருப்பேன்? — விடிய விடிய மோட்டார் ஓடியிருக்கு.
"நிறுத்திட்டேன்னு நீ சொன்ன. அதான் நான் வயப்பக்கம் போவல." அக்கா அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

5 பிப்ரவரி
அழுகல். ஈர வெங்காயம் பட்டறைக்கு ஆகாது. வந்த வியாபாரி சொன்ன விலைக்கே போயிற்று. அக்கா வீட்டுக்காரர் வேல்முருகன் மாமா, என்னை எப்போதும் மாப்ள என்பவர், இன்று "வாங்க, உக்காருங்க" என்றார்.

9 மார்ச்
நிலத்துக்கார ஜானகியம்மா வயலை வேறொருவருக்கு விட்டுவிட்டார். பெட்டியைக் கழற்றப் போனேன். புதுக் குத்தகைக்காரர் முத்தமிழ்செல்வன், "கெடக்கட்டும் சார், நல்லாத்தானே ஓடுது" என்றார். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. கழற்றாமல் வந்தேன்.

10 மார்ச்
கழற்றியிருக்க வேண்டும்.

3 ஜூலை
பெட்டியைப் பார்க்க முத்தமிழ்செல்வன் கூப்பிட்டிருந்தார். வயலில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில், கூலிக்கு, அக்கா. அவளிடம் போக வரப்பிலிருந்து இறங்கப் போனேன். அவள் நிமிராமலே சொன்னாள்:
"பொட்டி ஒரு நாளும் தவறல தம்பி. பாத்தியில காலு வச்சிடாத. அவங்க வெங்காயம்."