பள்ளத்தில் போட்ட கூடாரம்

மாமா,

ரசம் அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக் குடியுங்கள். தும்மலுக்காக மிளகைத் தூக்கலாகப் போட்டிருக்கிறேன். போர்வைகளை வெயிலில் காயப்போடுங்கள். ஸ்கூல் பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன்.

நேற்று நீங்கள் திரும்பியதிலிருந்து நான் பேசாமல் இருப்பது கோபத்தில் இல்லை. வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன்.

கொடைக்கானலுக்கு நீங்கள் கிளம்பும்போதே சொன்னேன். மலைமேல் உயர் காற்றழுத்தம் உட்கார்ந்திருக்கிறது, மேகமும் இல்லை, காற்றும் இல்லை. இப்படி இருந்தால் ராத்திரியில் குளிர்காற்று கனத்து, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் இறங்கித் தேங்கும், மேட்டில் கூடாரம் போடுங்கள் என்றேன். "மேல போகப் போகத்தான் குளிரும்னு அய்யலூர்ச் சந்தை ஆட்டுக்கே தெரியும், பிசிக்ஸ் டீச்சர்!" என்று கட்டின பெண்டாட்டியைக் கேலி செய்தீர்கள். உங்களோடு கிளம்பிய சோலைமலை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

பள்ளத்தில் படுத்த உங்கள் கூடாரத்தின் மேல் உறைபனி. மேட்டில் டீக்கடை பெஞ்சில் படுத்த உங்கள் வண்டி டிரைவர், ஸ்வெட்டரைத் தலைக்கு வைத்துத் தூங்கினாராமே!

மத்தியானம் பக்கத்து வீட்டு ஈஸ்வரன் வருவார். அவர் குடும்பமும் மலைக்குப் போகிறார்களாம், எங்கே கூடாரம் போடலாம் என்று கேட்க வருகிறார். சோலைமலை அண்ணனுக்குத் தொண்டை கட்டிக் குரலே இல்லை, அதனால் உங்களிடம். கைக்குழந்தையோடு போகிறார்கள். வீம்புக்குப் பள்ளம் என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கும்.

புவனா

தைலம் தலையணைக்கு அடியில்.

நான் சொன்னதாகச் சொன்னாலும் பரவாயில்லை.