செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு

மார்ச் 4, செவ்வாய்

எதிர்வீட்டுத் தையல்காரி இன்று முட்டைக்கோஸ் அனுப்பினாள். உப்பு தூக்கலாக இருந்தது. வெங்காயம் பாதிதான் வதங்கியிருந்தது. வழக்கம்போல் சின்ன வாணலியில் கொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்து, மூடிவைத்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தேன். பிறகுதான் அது சாப்பாடு ஆயிற்று.

சாயங்காலம் கிண்ணத்தை வாங்க வந்தாள். "எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்தது" என்றேன். பொய் இல்லை. நான் சாப்பிட்டபோது நன்றாகத்தான் இருந்தது.

இந்த ஏற்பாடு என் கணவர் போனபிறகு தொடங்கியது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பியபின், ஒரு செவ்வாய்க்கிழமை இவள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். சும்மா வாங்கிச் சாப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த வெள்ளிக்கிழமையே நான் ஒன்று செய்து அனுப்பினேன். அப்படியே நிலைத்துவிட்டது. செவ்வாய் அவள், வெள்ளி நான். எல்லாம் வாசலோடு சரி. அவள் வீட்டில் நானோ என் வீட்டில் அவளோ இதுவரை கை நனைத்ததில்லை.

மார்ச் 7, வெள்ளி

வெள்ளை சாஸில் மீன். இரண்டு பேர் சாப்பிடும் அளவு அனுப்பினேன். அவள் கணவர் லாரி ஓட்டிவிட்டு வெள்ளியன்றுதான் வீட்டுக்கு வருவார்.

"நான் செஞ்சா சாஸ் கட்டி கட்டியா வருதும்மா. சட்டைக் காலருக்குக் கஞ்சி போடத்தான் ஆகும்."

மாவை வெண்ணெயில் பச்சை வாசனை போகும்வரை வறுத்துவிட்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னேன். நான் படித்த கான்வென்ட்டில், சமையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் கட்டி தட்டிய சாஸை மேசைக்கு விட மாட்டார். தோட்டத்தில் கொட்டிவிட்டு மறுபடி செய்யச் சொல்வார். குறை தெரிந்தும் சாப்பிடுவது சோம்பேறித்தனம் என்பது அங்கே பாடம்.

போன வார சூப் எப்படி என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு கிண்ணத்தையே வழிச்சு எடுத்துட்டாரு. கழுவக்கூட வேண்டியதில்ல."

வெந்நீரில் கழுவியே தீரவேண்டும் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

மகன் போனில். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேனா என்று மறுபடியும் விசாரணை. இல்லாவிட்டால் அவனோடு வந்து இருக்கவேண்டுமாம். எதிர்வீட்டோடு ஏற்பாடு இருக்கிறது, இரு பக்கமும் மரியாதையான ஏற்பாடு என்றேன். சரி என்று போனை வைத்துவிட்டான்.

மார்ச் 11, செவ்வாய்

காலையிலேயே கிண்ணம் வந்துவிட்டது. பீன்ஸும் காரட்டும். எண்ணெய் மிதந்தது, காரம் தொண்டையைப் பிடித்தது. எண்ணெயை வடித்து, பால் விட்டு, மிளகு தட்டிப் போட்டு, மேலே ரொட்டித்தூளை வறுத்துத் தூவினேன். பார்க்கவும் வேறாக இருந்தது.

மதியம் மணி அடித்தது. தையல்காரி. கடைக்குப் போனவள் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாளாம். பூட்டுக்காரன் வரும்வரை படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். அதெப்படி விடுவது? உள்ளே அழைத்தேன். சாப்பாட்டு நேரம். வீட்டில் இருந்தது அந்தப் பீன்ஸ் ஒன்றுதான். முட்டை பொரித்துக் கொடுத்திருக்கலாம். ஏனோ தோன்றவில்லை. நல்ல பீங்கான் தட்டை எடுத்துப் பரிமாறினேன்.

"என்னம்மா இது, பஞ்சு மாதிரி இருக்கு! எப்படிப் பண்ணீங்க?"

சொன்னேன். ஆம், நின்றுகொண்டு சொன்னேன். பால் எப்போது விடவேண்டும், மிளகை எப்படித் தட்டவேண்டும், ரொட்டித்தூள் எந்த நிறத்துக்கு வரவேண்டும். அவளும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு கரண்டியால் ரொட்டித்தூளை ஒதுக்கி, ஒரு பீன்ஸ் துண்டை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"நீங்களும் கிராஸ் கட்டிங்லதான் வெட்டுவீங்களா?"

புரியவில்லை.

"துணியைக் குறுக்கால சாய்ச்சு வெட்டுவோம்ல, அப்படி. எனக்கு அந்தக் கைப்பழக்கம். எங்க வீட்டுக்காரரு கூட, பீன்ஸுக்கும் பாவாடை தைக்கப் போறியாம்பாரு."

அவள் தட்டில் இருந்ததைக் கடைசித் துண்டுவரை சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். பூட்டுக்காரன் வந்துவிட்டான் என்று எழுந்து போனாள். காலியாகக் கிடந்த தன் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

சொல்லியிருந்தா அவ மனசு நோகாதா? அதுக்காகத்தானே சொல்லல? நான் என்ன கொட்டியா விட்டேன்? ஒரு துளி வீணாக்கினேனா?

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பேசுவதுபோலவே எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

காளான் சூப்போடு மணியை அடித்தேன். கதவைப் பாதி திறந்து, "இன்னிக்கு நானே சமைச்சுட்டேம்மா, வேணாம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

சூப்பை நானே இரண்டு வேளைக்கு வைத்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மகனிடம் ஏற்பாடு நன்றாக நடக்கிறது என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

மணி அடித்தபோது நான் எதிர்பார்க்கவில்லை. கதவருகில் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

அதே கிண்ணம். உள்ளே கழுவிய காரட், சாய்த்து வெட்டியது. பீன்ஸ், சாய்த்து வெட்டியது. உரிக்காத வெங்காயம் ஒன்று. காகிதத்தில் மடித்த உப்பு.

"எப்படியும் நீங்கதானே ஆக்கப் போறீங்க? ரெண்டு வீட்டுல எதுக்கு கேஸ் எரியணும்?"

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. இந்தக் கட்டடத்தில் என்னிடம் இப்படி ஒருவரும் பேசியதில்லை. வாசலிலேயே திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். வாங்கிக்கொண்டேன்.

சமைத்தேன். உப்பு சரி, பதம் சரி. சப்பென்று இருந்தது. பாதியில் மூடிவைத்தேன்.

அவர் உயிரோடு இருந்தவரை நான் எதை வைத்தாலும் "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார். அடிபிடித்த அன்றும் பேஷ்தான். அது எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று அவரிடம் சொன்னதே இல்லை. இது இன்று ஏன் நினைவுக்கு வருகிறது?

மார்ச் 21, வெள்ளி

வெறுங்கையோடு எதிர்வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. உண்மையைச் சொல்லப் போனேன்.

"உன் சமையல்ல உப்பும் எண்ணெயும் அதிகம். வெங்காயம் வதங்குறதே இல்ல. என்னால அப்படியே சாப்பிட முடியல."

தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "அப்பாடா, வாய் திறந்தீங்களே! இதை முதல் தடவையே சொல்ல என்னம்மா? ஒருத்தருக்குத் தச்ச சட்டை இறுக்கிப் பிடிக்குதுன்னா, பிரிச்சுத் தரச் சொல்லி என்கிட்டதானே கொண்டு வரணும்? நீங்க வீட்டுக்குள்ள உக்காந்து பிரிச்சுத் தச்சுப் போட்டுக்கிட்டு, என்கிட்ட வந்து அளவு அம்சமா இருக்குங்கறீங்க. நானும் அடுத்த சட்டையை அதே அளவுல தைக்கிறேன். யாரும்மா இங்க முட்டாளு?"

இருந்தாலும் விடவில்லை, என் சாப்பாட்டில் என்ன குறை, அதையும் சொல்லிவிடு என்றேன்.

தயங்கினாள். உள்ளேயிருந்து அவள் கணவர் இருமினார். அது இருமல் இல்லை, சிரிப்பு.

"காரமே இருக்காதும்மா. இவரு அதுக்கு ஆஸ்பத்திரி டிபன்னு பேரு வச்சிருக்காரு."

"நீங்க என்ன செய்வீங்க? மிளகாய் போட்டுக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அதுல கை வைப்பமா? நீங்க ஆசையா அனுப்பினது. அப்படியே சாப்பிட்டுருவோம்."

அப்படியென்றால் அன்று சூப் கிண்ணத்தை வழித்து எடுத்தார் என்றது? கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

ஆஸ்பத்திரி டிபன்!

மார்ச் 23, ஞாயிறு

மகனின் போனை எடுக்கவில்லை. என்ன சொல்வது?

மார்ச் 25, செவ்வாய்

கிண்ணம் வந்தது. கத்தரிக்காய், சமைத்தது. கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"என் முன்னாடி வாயில வச்சுச் சொல்லுங்க."

வாசலில் நின்று சாப்பிடுவது எனக்குப் பழக்கமில்லை. கரண்டி எடுத்துவந்து ஒரு வாய் வைத்தேன். உப்பு இம்முறை சரி. வெங்காயம் பச்சை.

"வெங்காயம்" என்றேன்.

"இன்னுமா!" கிண்ணத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. கரண்டியோடு அங்கேயே நின்றேன். திரும்பிவந்து நீட்டினாள். சொன்னேன். இப்போது சரி என்று. முதல் தடவையாக அவள் செய்ததை அவள் செய்தபடியே சாப்பிட்டேன். கத்தரிக்காயை இன்னும் கொஞ்சம் வேகவைத்திருக்கலாம். அதையும் சொல்லிவிட்டேன்.

"காலையில எழுந்திருச்சதுமே அடுப்புல வச்சுட்டேன், இன்னும் வேகலைன்னா எப்படிம்மா?" என்று சிரித்தாள்.

மார்ச் 28, வெள்ளி

கோழியும் உருளைக்கிழங்கும் பாலில் வேகவைத்தேன். கிண்ணத்தைக் கொடுக்கும்போது, உங்களுக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். நினைத்ததைவிடச் சிரமமாக இருந்தது.

திரும்பிவந்து என் தட்டோடு உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. எண்ணெய் காய்ந்தது. ஏதோ பொரிந்தது. காரநெடியில் எனக்குத் தும்மல் வந்தது. பூண்டு இருக்கிறது. மிளகாய் இருக்கிறது. இன்னொன்று என்ன? கருகவிட்டுவிடுவாளோ? கோழி ஏற்கெனவே வெந்தது, அதிகம் கிளறினால் நார் நாராகப் போய்விடும். அது அவளுக்குத் தெரியுமா?

என் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் கணவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசையில் பாதி தைத்த துணிகள்; அவற்றை ஒதுக்கி இடம் செய்தாள். வாணலியிலிருந்து என் தட்டில் போட்டாள். சிவப்பாக இருந்தது. ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் தண்ணீர் செம்பை நகர்த்தினார்.

"எப்படிம்மா இருக்கு?"

கோழியின் மணமே போய்விட்டது, நாசம் பண்ணிவிட்டீர்கள் என்றேன். இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னேன்.