லோஜினியின் கணக்கில் எனக்குக் கதிரையில்லை

பிளேஸ்டோ,
லண்டன்.

அன்புத் தங்கை பெனிற்றாவுக்கு, கோபம் தீராத அக்கா கிளறிற்றா எழுதுவது.

போன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதத்தை வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய். ஊர்ப் புதினம் கேட்கிற உன் குணம் எனக்குத் தெரியாதா? ஜேர்மனியில் குளிர் எப்படி? முழங்கால் நோவு என்று கேள்விப்பட்டேன். எண்ணெய் பூசுகிறாயா?

விசயத்துக்கு வருகிறேன். என் மகள் லோஜினி பேராசிரியர் ஆகிவிட்டாள். மருந்து கண்டுபிடிக்கிறவர்களுக்கு, எந்த அணு எதோடு ஒட்டும், எது ஒட்டாது என்று கணித்துச் சொல்லும் மென்பொருளை வருடக்கணக்காக எழுதினாளே, அதை இப்போது பல நாடுகளில் பாவிக்கிறார்களாம். உன் மகன் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய நாள் விருந்தில், "டொக்டர் எண்டு சொல்லுறாள், ஒரு ஊசி போடத் தெரியுமோ?" என்று சபையில் கேட்டாயே, அந்தப் பிள்ளைதான். அன்றைக்குச் சோற்றில் வைத்த கையோடு எழும்பி வந்தவள் நான். மறக்கவில்லை.

இங்கே பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் மண்டபம் எடுத்து விருந்து வைக்கிறோம். எங்கள் சனத்தை உனக்குத் தெரியும்தானே? முகம் பாராதவர்களை ஒரே மேசையில் இருத்தினால் சாப்பாடு வரமுன்னரே சண்டை வந்துவிடும். அணுவுக்குப் பார்க்கிறவள் ஆட்களுக்கும் பார்க்கட்டுமே என்று, யார் யாரோடு கதைப்பதில்லை என்பதை நான் சொல்லச் சொல்ல அவள் கணினியில் ஏற்றினாள். தேத்தண்ணீர் ஆறமுன் விடை வந்தது. எல்லோரையும் சண்டையில்லாமல் இருத்த ஏலாதாம்!

மெசின் பழுதோ என்று கேட்டேன். இல்லையம்மா, விடை இல்லை என்று நிரூபிப்பதும் ஆராய்ச்சிதான் என்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள், மற்ற எல்லோரையும் இருத்தலாமாம், என்னைத்தான் எங்கேயும் இருத்த ஏலாதாம். ஒவ்வொரு மேசையிலும் என்னோடு கதைக்காத ஆள் இருக்கிறதாம். அநியாயத்தைப் பார்! பெற்ற தாய்க்கு மகளின் விருந்தில் கதிரை இல்லை. உன் அத்தான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று விழுந்தது.

சரியான ஆளோடு உள்ள ஒரு கோபத்தை நான் விட்டால் போதுமாம். தவராசா அண்ணையோடு ராசியாகிறேன் என்றேன். சரிவரவில்லை. குலசேகரம் வீட்டாரோடு? அதுவும் இல்லை. கடைசியில் ஒரு பெயரைத் தட்டினாள், உடனே எல்லோருக்கும் இடம் கிடைத்தது. உன் பெயர்தான். அவளை நான் அழைக்கவே இல்லையே என்றேன். சின்னம்மா இல்லாமல் எனக்கென்ன விருந்து என்கிறாள். கணக்கில் ஏதும் கள்ளம் செய்தாயோ என்றும் கேட்டுப் பார்த்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவவென்று குசினிக்குள் போய்விட்டாள்.

பெனிற்றா, நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், நானும் கேட்கமாட்டேன். அது ஒரு பக்கம் கிடக்கட்டும். மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பிள்ளையின் கணக்குப் பிழையாகவே இருந்தாலும், நீ வா.

உன் கூடப்பிறந்தவள்,
கிளறிற்றா