மணி அடிக்காத ஏழு நிமிடம்

அன்புள்ள உங்களுக்கு,

நம் மைசூர் பேச்சு மன்றத்தில் நேற்றுக் காலை மணி என் கையில் இருந்தது. பேசுகிறவர் 'அ... ம்...' என்று இழுத்தால் அடிக்க வேண்டும். உங்களுக்கு எப்போதும் பத்துத் தடவைக்குக் குறையாது.

கற்பனைக் கதைச் சுற்றில், மனைவியை விட்டுப் போகிற ஒருவனைப் பற்றி ஏழு நிமிடம் பேசினீர்கள். ஒரு தடவைகூட இழுக்கவில்லை.

"என்னம்மா, வீட்டுக்காரர்னு மணிக்கு லீவு விட்டுட்டீங்களா?" என்று தலைவர் புட்டசாமி சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

மத்தூர் வடை தின்றுகொண்டே, "நீ முன்னால போ, பரிசுக் கோப்பைய வாங்கிட்டு வரேன்" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கதையில் அவன் எடுத்துக்கொண்டு போன பச்சைப் பெட்டி நம் பரணில் இல்லை.

உட்கார்ந்தவள் இன்று விடிந்துதான் எழுந்தேன். உங்களைப் பார்த்தால் தரச் சொல்லி இதைப் புட்டசாமியிடம் கொடுக்கிறேன். ஏன் போனீர்கள் என்று கேட்க மாட்டேன். அதைத்தான் மேடையிலேயே விவரமாகச் சொல்லிவிட்டீர்களே.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு பேச்சையும் சமையலறையில் என் எதிரில் நின்றுதான் ஒத்திகை பார்ப்பீர்கள். இதை யார் எதிரில் நின்று பார்த்தீர்கள்?

இப்படிக்கு,
கை தட்டியவள்