அகிலாவுக்கு விழுந்த சீட்டு

அன்பு மகன் சத்யராஜுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உன் தங்கை புண்ணியத்தில் எனக்குத் தலைவலி மட்டும் குறையவில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் தபால்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பிள்ளைகள் எப்படி இருந்தார்களோ அப்படியே என் ஐந்தாம் வகுப்பை ஒரு நாள் இருக்க வைக்கப்போகிறேன் என்று நம் டீச்சரம்மா சுகாசினி கிளம்பினாள். என் நல்ல வேட்டி இரண்டைக் கிழித்துப் பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டாள், அம்மாவின் முறமும் போய்விட்டது, கேட்டால் சரித்திரம் என்கிறாள். அதோடு விட்டாளா, யார் மணலில் விரலால் எழுதிப் படிப்பது, யார் தறியில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நாடா ஓட்டி நெய்வது, யார் பண்ணை மாடு மேய்ப்பது என்று சீட்டுக் குலுக்கினாள். மாடு மேய்க்கிற பிள்ளை அந்தக் காலத்தில் வகுப்புக்குள் வரக்கூடாதாம், வெளியே நின்றுதான் பார்க்கவேண்டுமாம், தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார்களாம். அந்தச் சீட்டு போயும் போயும் பள்ளித் தாளாளரின் அண்ணன் மகள் அகிலாவுக்கு விழுந்தது. வேறு சீட்டு எடுக்கச் சொல்லியிருக்கலாம் இல்லையா, உன் தங்கைக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது. மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடு, இல்லையென்றால் வேலைக்கு வராதே என்று மறுநாளே பள்ளியில் சொல்லிவிட்டார்கள். எழுதிக் கொடுத்துத் தொலையேன் என்று மூன்று நாளாகத் தொண்டை வற்றக் கத்தினேன். "அந்தச் சீட்டு எந்தப் புள்ளைக்கு வுழுந்திருந்தா பரவால்லன்னு நீ சொல்லுபா, எழுதித் தரேன்" என்கிறாள்.

கடைசியில் நானே சமாதானம் பேசிவிடலாம் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறி அகிலா வீட்டுக்குப் போனேன். கைகட்டித்தான் நின்றேன். அகிலாவின் அம்மா, "எங்க கொழந்த பத்து நிமிஷம் வெயில்ல நின்னுக்கினு அழுதுச்சு, யாருக்குத்தான் மனசு தாங்கும்" என்றார். எனக்கு என்ன வந்ததோ, "பத்து நிமிஷந்தாம்மா. எங்க அப்பாவோட தாத்தா சாவற வரைக்கும் உள்ள போவல" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அங்கே எனக்கு உட்காரச் சொல்ல ஆளில்லை, வந்துவிட்டேன். முடிக்கப் போன காரியத்தைக் கெடுத்துக்கொண்டு வந்ததை உன் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைக்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி இல்லாமல் திரியாதே. கர்த்தர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம் பேசும்போது வேட்டிக்காக நன்றாகத் திட்டு. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி மட்டும் திட்டாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
தேவசகாயம்