கரிச்சான் குரைக்கக் கற்றது

விய வருடம், ஐப்பசி 9

தனக்கோடி செட்டியார் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டார். ஒல்லாந்தர் கப்பலில் பிறந்ததாம், கன்னங்கரேல் என்று இருக்கிறது. கரிச்சான் என்று பேர் வைத்தேன். "மழையே காணோம் வரதா. நெல்லுக் கெடங்குக்கு நீ ஒருத்தன் காவல் பத்தாது. எவன் சுவரத் தொட்டாலும் இது குலைக்கணும்" என்றார்.

ஐப்பசி 12

செட்டியாரின் ஆள் பெரியசாமி பிரம்பால் அடித்துப் பழக்கப் பார்த்தான். குட்டி மூத்திரம் போய், மூட்டைக்கு அடியில் புகுந்துகொண்டது. பிரம்பைப் பிடுங்கி ஒடித்தேன். அடித்தால் பயம்தான் வரும், வேலை வராது. வெளியே வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் ஒரு துண்டு கருவாடு.

ஐப்பசி 20

எல்லோரையும் நக்குகிறது. திருட வருவதுபோல் நடிக்க ஓர் ஆள் வேண்டும். கிடங்கு வாசலில் பசியோடு கிடப்பவர்களில் குப்பம்மாவைக் கூப்பிட்டேன். ஏரி வற்றியதிலிருந்து அவளுக்கு மீனும் இல்லை, புருசனும் இல்லை. சுவரைத் தொட்டால் ஒரு கை நொய் தருவதாகச் சொன்னேன். சிரித்தாள். "திருடி வேசமா? கஞ்சி கெடைச்சா கழுத வேசம்கூடப் போடுவேன்ணா."

ஐப்பசி 28

இன்னும் அவள் கையைத்தான் நக்குகிறது. பொறுத்திருக்கிறேன்.

கார்த்திகை 3

குரைத்தது! ஒரே ஒரு தடவை. உடனே கருவாடு, தடவல், "நல்ல பய" என்று ஒரு பாராட்டு. குப்பம்மா என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டாள்.

கார்த்திகை 17

இப்போது அவள் தலை தெரிந்தாலே குரைக்கிறது. குரைத்துவிட்டு ஓடிவந்து என் முன்னால் உட்காருகிறது. இன்று ஒரு துண்டு கை தவறி மண்ணில் விழுந்தது. வாசலில் இருந்த கிழவர் ஒருவர் நாய்க்கு முந்தி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கார்த்திகை 29

செட்டியாருக்குத் திருப்தி. "பழக்கினது போதும். இனிமே அவளுக்கு ஒரு மணி நொய் போவக் கூடாது" என்றார். அவளிடம் சொன்னேன். நொய் வாங்க விரித்த முந்தானையைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

மார்கழி 11

அடிமையாக விற்க ஆள் வாங்கும் கப்பல் ஒன்று வந்திருக்கிறது. சோறு போடுவார்கள் என்று பசித்தவர்கள் தாங்களே போய் ஏறுகிறார்களாம்.

மார்கழி 14

எழுதாமல் இருக்க முடியவில்லை.

உச்சி வெயில். கரிச்சான் குரைத்தது. ஓடினேன். குப்பம்மா. பின்சுவரில் கல்லைப் பெயர்த்து, மடியில் இரண்டு கை நெல். பெரியசாமி அவள் முடியைப் பிடித்திருந்தான். செட்டியார் வந்தார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நாய் மறந்துவிடாமல் இருக்க, நான்தான் கல்லைப் பெயர்த்து நெல்லை எடுக்கச் சொன்னேன்" என்று. நம்பியிருப்பார். திட்டிவிட்டு விட்டிருப்பார். வாய் வரல. ஏன் வரல? என் வேல போயிடும்னுதானே?

"கப்பலுக்கு இழுத்துட்டுப் போ" என்றார் செட்டியார்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நல்லாத்தான் கத்துக் குடுத்துகீறே அண்ணா" என்றாள்.

கரிச்சான் என் முன்னால் வந்து உட்கார்ந்து வாலாட்டியது. கருவாட்டைக் கொடுத்தேன். கை தானா போச்சு. இன்னா மனுசன் நானு?

மார்கழி 16

கப்பல் போய்விட்டது.

மார்கழி 22

வேலையை விட்டுவிடுகிறேன் என்று என் பெண்சாதி ஜெயம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே, "விட்டுட்டு? நாளைக்கு நானும் அந்த வாசல்ல போய் உக்காரட்டா?" என்றாள்.

தை 4

கரிச்சானைப் பார்த்துவிட்டு, செட்டியார் இன்னும் இரண்டு குட்டிகளை அனுப்பியிருக்கிறார். வாங்கிக்கொண்டேன். பழக்க ஆள் வேண்டும் என்று வாசலில் போய்ச் சொன்னேன். இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள்.